ஆமென் சொல்லித் திறந்த வாய்

திரேஸ்புரம், தூத்துக்குடி
2 ஜூன் 2024

அன்புள்ள ஆனிக்கு,

உன் மைனி பிளாரன்ஸ் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் வழக்கம். இந்தத் தடவை அதை எழுதினால் பொய். அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். ஊரே உன்னை சிஸ்டர் என்று கும்பிட்டாலும் எனக்கு நீ ஆனிதான், கோவித்துக்கொள்ளாதே. மடத்துக் கம்பிக்கு அந்தப் பக்கம் போனவர்களுக்குப் போன் கிடையாது, சாவுச் செய்தி என்றால் மட்டும் மதர் வந்து சொல்வார் என்று எழுதியிருந்தாய். சாவு ஒன்றும் இல்லை. ஆகையால் கடிதம்.

உன் அண்ணனுக்குக் கிறிஸ்துமஸுக்கு இருந்ததைவிட மறதி முற்றிவிட்டது. விளக்கு வைக்கிற நேரமானால் தொடங்கிவிடுவார். "நங்கூரத்தத் தூக்குங்கலே! காத்து திரும்பிட்டு, நிக்கியளே!" என்று தெருக்கோடிவரை கேட்கும். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டிய தண்டல் அல்லவா, அலைச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. என்னைப் பெண்டாட்டி என்று தெரியவில்லை. தோணியில் சோறாக்குகிற பண்டாரி என்று நினைப்பு. "ஏலே பண்டாரி, கொழம்புல உப்பு எங்கலே?" என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து என் குழம்பை ஒரு சொல் குறை சொல்லாத மனுசன். பண்டாரியிடம் என்றதும் வாய் வருகிறது பார்.

நரம்பு டாக்டர் தவக்காலத்தில் ராத்திரிக்குப் பாதி மாத்திரை எழுதிக் கொடுத்தார். "தூக்க மாத்திரை இல்லம்மா, மனசு கொஞ்சம் அடங்கும். கொஞ்ச நாளைக்குத்தான். திரும்பக் கூட்டிட்டு வாங்க, பாத்துக் குறைப்போம்" என்றார். இவர் வாயில் வாங்கினால்தானே? துப்பினார். சோற்றில் பொடித்துப் போட்டேன். "என்னத்தலே கலந்த?" என்று தட்டைத் தள்ளினார். வாழைப்பழத்துக்குள் வைத்தேன். பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைப் புளியங்கொட்டை மாதிரி என் காலடியில் துப்பினார்.

இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். சொன்னால் சிரிப்பாய்.

போன மாதம் அமலன் மகள் ஜெமிக்குப் புதுநன்மை. வெள்ளைக் கவுனும் தலையில் பூ முடியுமாக முதல்முறை நற்கருணை வாங்கினாள். என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, வரிசையில் அவள் கைதான் ஒழுங்காகக் கூப்பியிருந்தது. அமலனின் மாமனார் வீட்டார் எல்லாரும் விருந்துக்கு வந்தார்கள். உன் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் கோவில் சுரூபம் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு சத்தம் இல்லை. "தண்டல் அண்ணன் எம்புட்டு அமைதியா இருக்காவ! ஊர்ல என்னமோ சொன்னாவளே" என்றாள் அமலனின் மாமியார். எனக்குத் தலை நிமிர்ந்தது. வாயோரம் எச்சில் வடிந்ததை முந்தானையால் துடைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

இப்போது கை கால் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. தரையைத் தேய்த்துத்தான் நடக்கிறார். நரம்பு டாக்டரிடம் போனால் ஆயிரம் கேள்வி கேட்பார் என்று பக்கத்துத் தெரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். விறைப்புக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். அதையும் என் வழியிலேயே கொடுக்கிறேன்.

அண்ணனுக்காக வேண்டிக்கொள். உன் வேண்டுதல் அங்கே சீக்கிரம் போய்ச் சேரும் என்று ஊரில் சொல்கிறார்கள்.

உன் மைனி
பிளாரன்ஸ்


கார்மேல் மடம்
14 ஜூன் 2024

அன்பு மைனிக்கு,

ஆண்டவரின் சமாதானம் உங்களோடு இருக்கட்டும். உங்கள் கடிதத்தை மதர் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். பண்டாரி என்ற இடத்தில் அவரும் சிரித்திருக்க வேண்டும், உதட்டில் மிச்சம் இருந்தது. நானும் சிரித்தேன். பிறகு சிற்றாலயத்துக்குப் போய் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணனின் குரலைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அவர் கத்துவதையாவது கேட்கலாமே என்று நினைப்பது தவறுதான்.

ஜெமிக்கு ஒரு படம் வைத்திருக்கிறேன்.

எனக்கு இப்போது மடத்தில் நோயாளிச் சகோதரிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மூத்த சகோதரி பெர்சிக்கும் அண்ணனைப் போன்ற மறதிதான். அவரும் மாத்திரை என்றால் உதட்டை இறுக்கிக்கொள்கிறார். அதனால் கேட்கிறேன், நீங்கள் கண்டுபிடித்த வழி என்ன? எங்களுக்கும் உதவலாம்.

இன்னொன்று. இரண்டாவது டாக்டரிடம் முதல் டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பற்றிச் சொன்னீர்களா? குறை சொல்லக் கேட்கவில்லை. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது நீங்கள். நான் இல்லை. அதை மறந்துவிட்டு உங்களுக்கு எழுத எனக்கு உரிமை கிடையாது.

செபத்தில்
ஆனி


திரேஸ்புரம்
25 ஜூன் 2024

அன்புள்ள ஆனி,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். இந்தக் கடிதத்தையும் மதர் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும். திருடவில்லையே.

புதுநன்மைக்கு முன்னால் உபதேச வகுப்பில் பிள்ளைகளுக்கு எப்படி நன்மை வாங்குவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதை வீட்டில் ஒத்திகை பார்க்க ஜெமிக்கு ஆள் கிடைக்கவில்லை. தாத்தாவைப் பிடித்தாள். துண்டைத் தோளில் போட்டுச் சாமியாராகிவிட்டாள். கையில் சின்ன உப்பு பிஸ்கட். "கிறிஸ்துவின் திருவுடல்" என்று அதைத் தூக்கிக் காட்டினாள்.

ஆனி, உன் அண்ணன் கை கூப்பினார். கண்ணை மூடினார். "ஆமென்" என்று வாயைத் திறந்து நாக்கை நீட்டினார். தன் பெயரைக் கேட்டால் முழிக்கிற மனுசன். அவள் பிஸ்கட்டை வைத்தாள். கடிக்காமல், பல்லில் படாமல், கரையவிட்டு விழுங்கினார். பழைய பழக்கம்.

நான் அவர் துப்பின மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றேன். மாத்திரையும் வெள்ளை. அதுவும் வட்டம்.

அன்றிலிருந்து இப்படித்தான். ஜெமி வெளியே விளையாடப் போனதும் மெழுகுவர்த்தி கொளுத்துவேன். மேசையில் வெள்ளைத் துணி விரிப்பேன். துணி வேண்டாம்தான், ஆனால் துணி இருந்தால் சீக்கிரம் கை கூப்புகிறார். எதிரே நின்று அந்த வார்த்தையைச் சொல்வேன், சத்தமாக இல்லை, மெதுவாக. "ஆமென்" என்பார். நாக்கில் வைப்பேன். தண்ணீர்கூட வேண்டாம். முழுங்கிவிட்டுத் தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் செபம் சொல்வார். அந்த நேரம் நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அடுப்பில் ஏதாவது வேலை இருக்கும்.

ராத்திரிக்குப் பாதி என்று எழுதியிருந்தது. ஜெமி விருந்து வந்ததே, அதற்காக முழுசாக்கினேன். அன்று காலையிலும் ஒன்று. நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். மெடிக்கல் கடை கிளைட்டன் பழைய சீட்டைக் காட்டினாலே கொடுப்பான், தெரிந்த பையன். இரண்டாவது டாக்டரிடம் முதல் மாத்திரையைச் சொல்லவில்லை. சொன்னால் எத்தனை கொடுக்கிறாய் என்று கேட்பார். எல்லாருக்கும் கணக்கு ஒப்பிக்க நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா?

மருந்துதானே கொடுக்கிறேன், ஆனி. விஷமா கொடுக்கிறேன்? பிள்ளைக்குச் சோறு ஊட்ட நிலாவைக் காட்டுகிறோம். நிலாவா வருகிறது?

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் நன்மை வாங்கும்போது என் நாக்கில் மாத்திரைக் கசப்பு தட்டுகிறது. மனப்பிரமைதான். வெயில் காலம், பித்தம்.

மைனி


கார்மேல் மடம்
6 ஜூலை 2024

மைனிக்கு,

இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றாவதும் நன்றாக வரவில்லை. அனுப்புகிறேன்.

நீங்கள் செய்வதை உடனே விட்டுவிட வேண்டும். பிள்ளைக்கு நிலாவைக் காட்டுவதும் இதுவும் ஒன்றல்ல. நிலாவை நம்பி யாரும் வாய் திறப்பதில்லை. அண்ணனுக்கு எல்லாம் அழிந்துபோன பிறகும் ஒன்று மிஞ்சியிருக்கிறது. அந்த ஒன்றின் வழியாகக் கையை விட்டு... எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உங்கள் கை அங்கே போயிருக்கக் கூடாது, மைனி.

மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதியை இரண்டாக்கச் சொன்னது யார்? அந்த மாத்திரை கூடினால் கை கால் விறைக்கும். விறைப்புக்குக் கொடுக்கிற மாத்திரை வயதானவர்களுக்குச் சிறுநீரை அடைக்கும், புத்தியை இன்னும் கலக்கும் என்று எங்களைப் பார்க்க வரும் டாக்டர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அண்ணனுக்குச் சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். எதையும் திடீரென்று நிறுத்தவும் கூடாது. எல்லா மாத்திரையையும் எடுத்துக்கொண்டு நரம்பு டாக்டரிடம் போங்கள். இன்றைக்கே போங்கள்.

ஆனி


திரேஸ்புரம்
12 ஜூலை 2024

சிஸ்டர் ஆனி அவர்களுக்கு,

இனி சிஸ்டர் என்றே எழுதுகிறேன். அதுதான் உனக்குப் பொருத்தம்.

உன் அம்மா படுக்கையில் கிடந்தபோது நீ அங்கிருந்து செபமாலை அனுப்பினாய். நான் பீ அள்ளினேன். செபமாலை நன்றாகத்தான் இருந்தது, சந்தன மரம். கம்பிக்குப் பின்னால் நின்று எது பாவம் என்று சொல்வது சுலபம். சாயங்காலம் ஆறு மணிக்கு இங்கே வந்து நின்று சொல்.

சிறுநீரா? போகிறது. எப்போதும் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே இருக்கிறது. கட்டியிருக்கிற சாரம் நனையாத நேரமே இல்லை. இதையெல்லாம் ஒரு கன்னியாஸ்திரிக்கு எழுத வைத்துவிட்டாயே.

இப்போது புதிதாக ஒன்று. வெட்கம் கெட்டுப்போய்விட்டது. இடுப்புச் சாரத்தை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுகிறார், சில நேரம் கட்டுவதும் இல்லை. நேற்று எதிர் வீட்டு உமாராணி மீன் வாங்கியதைக் கொண்டுவந்து கொடுக்கிறாள், இவர் வாசலில் அப்படியே நிற்கிறார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தண்டல் மாமா பாயெறக்கிட்டாவ போலுக்கே, மைனி" என்று சிரித்தாள். தோணிப் பாயை வைத்துப் பகடிக்குத்தான் சொன்னாள். எனக்கு உடம்பு கூசிவிட்டது. தண்டல் வீடு என்றால் இந்தத் தெருவில் ஒரு சொல் கேட்டதில்லை.

மத்தியானத்துக்கும் ஒரு மாத்திரை சேர்த்திருக்கிறேன். அதே வழியில்தான் கொடுக்கிறேன். பதில் எழுத வேண்டாம்.

பிளாரன்ஸ்


திரேஸ்புரம்
9 ஆகஸ்ட் 2024

ஆனி,

பதில் வேண்டாம் என்றேன், நீயும் எழுதவில்லை. சொன்னபடி கேட்கிற பழக்கம் மடத்தில் நன்றாகப் பழகியிருக்கிறாய். இப்போது நானே எழுதுகிறேன். இதை முழுக்கப் படி.

போன வெள்ளி மாதத்தின் முதல் வெள்ளி. அன்றைக்குப் பங்குக் கோவில் ரெக்சன் சாமி நோயாளிகள் வீட்டுக்கெல்லாம் நற்கருணை கொண்டுவருவார். நான் விடியற்காலையே வீட்டைக் கழுவி, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி வைத்தேன். தினமும் விரிக்கிற அதே துணி. வேறு துணி எடுக்கத் தோன்றவில்லை, ஆனி. அது ஏன் தோன்றவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாமி எதிரே நின்று, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார்.

உன் அண்ணன் வாயை மூடிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டார். சாமி மறுபடி சொன்னார். இவர் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் குழறிக் குழறி, "வேண்டாம் சாமி. அத வச்சா ஒறக்கமா வருது. கர தெரியமாட்டேங்கு" என்றார்.

சாமிக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான், "முழுங்க முடியல சாமி, தொண்ட வலி" என்று சொன்னேன். நற்கருணையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற சாமியாரிடம் சொன்னேன். அவர் சிலுவை வரைந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

புயலில் தோணி கவிழ்ந்து, பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்து, கரையேறிய ஈரத்தோடு நேராகக் கோவிலுக்குப் போய் நன்மை வாங்கிய மனுசன். அது உனக்கே தெரியும். அவரிடமிருந்து அதை நான் பிடுங்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் இவர் கத்தவில்லை. முனகினார். சாரத்தை இழுத்தார். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், சட்டி கவிழ்த்தது மாதிரி இருந்தது. அமலன் ஆட்டோ பிடித்தான். ஆஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள். பை நிறைந்தது, மாற்றினார்கள், அதுவும் நிறைந்தது. உன் அண்ணன், "யப்பா" என்று ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சு என் காதை விட்டுப் போகவில்லை.

லேடி டாக்டர், வீட்டில் கொடுக்கிற மாத்திரை எல்லாம் எங்கே என்றார். மாத்திரைப் பையைக் கவிழ்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்வளவு குடுக்கச் சொன்னது யாரும்மா?"

"நாந்தான்" என்றேன்.

இவர் துணி அவிழ்க்கிறதையும் சொல்லிவிட்டு, திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "அவிய துணிய அவுத்தது வெக்கம் கெட்டு இல்லம்மா. ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு நின்னுருக்கு. போக முடியல, சொல்லத் தெரியல. சொட்டுச் சொட்டா போனது நெறஞ்சு வழிஞ்சது" என்றார். விறைப்பு மாத்திரைதான் அடைத்தது. அந்த விறைப்பு, நான் கூட்டிக் கொடுத்த மாத்திரையால் வந்தது.

நீ எழுதியிருந்தாய். பார்க்கச் சொன்னாய். நான் உன் கடிதத்தை அடுப்படியில் வைத்துக்கொண்டு, உன்னைத் திட்டப் பேனா தேடினேன்.

பனிமய மாதா திருநாளுக்கு நான் கோவிலுக்குப் போகாத வருஷம் இதுதான். ஆஸ்பத்திரி சன்னல் வழியாக வேட்டுச் சத்தம் கேட்டது. உன் அண்ணன், "எந்தத் துறைலே இது?" என்றார். "நம்ம ஊருதான்" என்றேன். "பொய் சொல்லாதலே பண்டாரி" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். பண்டாரி பொய்க்காரி.

உன் ஜூலைக் கடிதம் வந்ததிலிருந்து நான் நன்மை வாங்குவதில்லை. கோபத்தில் எழுதினேனே தவிர, கோவிலில் எழுந்து போகக் கால் வரவில்லை. எல்லாரும் வரிசையில் போக, நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். தெருவே பார்க்கிறது. பார்க்கட்டும்.

பிளாரன்ஸ்


கார்மேல் மடம்
20 ஆகஸ்ட் 2024

அன்பு மைனிக்கு,

நீங்கள் சொன்னதால் நான் எழுதாமல் இருக்கவில்லை. உங்கள் ஜூலைக் கடிதத்தில் இருந்தது உண்மை. அதனால் எழுதவில்லை. அம்மாவின் உடம்பை நீங்கள் கழுவினீர்கள், நான் சந்தன செபமாலை அனுப்பினேன். அதுவும் நான் வாங்கியதல்ல, யாரோ மடத்துக்குக் கொடுத்தது.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். மதர் இதைப் படிப்பார். அவருக்குத் தெரிந்ததுதான்.

மூத்த சகோதரி பெர்சி பாடுவார் என்று எழுதியிருக்கிறேனா? எழுதியிருக்க மாட்டேன். எங்கள் மடத்தில் இரவு செபம் முடிந்தால் விடியும்வரை மவுனம். அந்த நேரத்தில்தான் அவருக்குப் பாட்டு வரும். உயிர்ப்பு ஞாயிறுப் பாட்டைத் தவக்காலத்தில் பாடுவார். நடு மவுனத்தில் "அல்லேலூயா" என்று கேட்கும்போது இளம் சகோதரிகள் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எங்களுக்கு மவுனம் வேண்டியிருந்தது. ஆகவே ராகிக் கஞ்சியில் மனசை அடக்கும் மாத்திரையைக் கரைத்தோம். கரைத்தது நான். "கஞ்சி குடித்தால் தெம்பு வரும், அம்மா" என்று வாயில் ஊட்டியதும் நான்தான்.

உங்கள் வழி என்ன என்று நான் கேட்டது ஏன் தெரியுமா? அவர் கஞ்சியையும் மறுக்கத் தொடங்கியிருந்தார். உங்கள் பதில் வந்ததும் எனக்குப் பயம் வந்தது. நீங்கள் செய்ததால் அல்ல. படித்த அந்தக் கணத்தில், இது எங்கள் மடத்தில் இன்னும் சுலபமாக நடக்குமே என்று எனக்கு ஒரு நினைப்பு ஓடியது. ஒரு கணம்தான். அதற்காக என்மேல் வந்த கோபத்தைத்தான் உங்கள்மேல் எழுதினேன்.

உங்கள் ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மதரிடம் போனேன். டாக்டரை வரவழைத்தோம். இது இவருக்குத் தேவையே இல்லை, பாடுவது நோயா என்று கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம். இன்னும் பாட்டு வரவில்லை. காத்திருக்கிறோம், வராமலும் போகலாம்.

நற்கருணை வாங்காமல் உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அதில் கொஞ்சம் வீம்பும் தெரிகிறது. ரெக்சன் சாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். தொண்டை வலி என்று சொன்ன அதே ஆளிடம். கஷ்டம்தான். கம்பிக்குப் பின்னால் இருந்து சொல்கிறேன் என்று திட்டுவீர்கள். திட்டுங்கள். ஆனால் பதில் எழுதுங்கள்.

உங்கள்
ஆனி


திரேஸ்புரம்
6 அக்டோபர் 2024

அன்புள்ள ஆனி,

போனேன். ரெக்சன் சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாவசங்கீர்த்தனக் கம்பி வழியாகச் சொல்லி முடித்ததும் அவர் எழுந்து போய்விட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். அப்புறம் பிராயச்சித்தம் கொடுத்தார். ஒரே ஒரு அருள்நிறைந்த மரியே செபம். "அவ்வளவுதானா சாமி?" என்றேன். "பெரிசா குடுத்தா நீங்க சந்தோசமாச் செஞ்சுருவிய" என்றார். எனக்கு வருத்தம்தான். ஜெமிக்குக்கூட மூன்று கொடுத்தாராம்.

அண்ணனுக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். விறைப்பு மாத்திரை நின்றது. மற்றதைப் படிப்படியாகக் குறைத்து, போன மாதம் அதுவும் நின்றுவிட்டது. நடை திரும்பியிருக்கிறது. சத்தமும் திரும்பியிருக்கிறது. ஆறு மணி ஆனால் நங்கூரம்தான். டாக்டர் சொன்னபடி முதலில் கழிவறைக்குக் கூட்டிப்போகிறேன், விளக்கைப் பளிச்சென்று போடுகிறேன், கட்டன்சாயா கொடுக்கிறேன். பாதி நாள் அதிலேயே அடங்கும். மீதி நாள் வாசலில் நாற்காலி போடுவேன். அவர் தெருவைப் பார்த்துக் கத்துவார். நான் உள்ளேயிருந்து, "சரி தண்டல்! உப்பு போட்டாச்சு தண்டல்!" என்று பதில் கத்துவேன். முதல் நாள் உமாராணி வெளியே வந்து பார்த்தாள். இப்போது அவளும், "பாயேத்தியாச்சு மாமா!" என்கிறாள். என் மானம் எங்கே போனது என்று தெரியவில்லை. தேடவும் இல்லை.

எனக்குத்தான் தூக்கம் இல்லை. அவர் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவார் என்று கதவோரம் படுத்துக் கண்ணை விழித்துக்கொண்டு கிடக்கிறேன். அமலன் வாரத்தில் இரண்டு நாள் மாற்றிவிடுகிறான். அது போதாது.

செப்டம்பர் முதல் வெள்ளியிலும் அவர் வாய் திறக்கவில்லை. நேற்று முன்தினம் அக்டோபர் வெள்ளி. இந்தத் தடவை அந்தத் துணியை விரிக்கவில்லை, மெழுகுவர்த்தியும் வைக்கவில்லை. அந்தத் துணியைக் கிழித்து அடுப்புத் துணியாக்கிவிட்டேன். சாமி வந்து உட்கார்ந்து கடல் பாடு பேசினார். என்ன மீன் படுகிறது, காற்று எப்படி என்று கேட்டார். உன் அண்ணன் நல்ல பதிலாகவே சொன்னார், எந்த வருஷத்துக் காற்று என்றுதான் தெரியவில்லை. அப்புறம் சாமி எழுந்து நற்கருணைச் சிமிழைத் திறந்தார். இவர் வாய் மூடிக்கொண்டது. கண் என் கையைப் பார்த்தது. சாமியின் கையை அல்ல, ஆனி. என் கையை.

நான் முட்டிபோட்டேன். "எனக்குக் குடுங்க சாமி" என்றேன்.

சாமி ஒரு நற்கருணையை எடுத்து இரண்டாகப் பிட்டார். ஒரு பாதியை என் நாக்கில் வைத்தார். ஜூலைக்குப் பிறகு அன்றைக்குத்தான். கசக்கவில்லை. உன் அண்ணன் குனிந்து என் முகத்தையே பார்த்தார். கடலில் மேகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ஒறக்கம் வருதாளா?" என்றார்.

ஏலே என்று சொல்லவில்லை. பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி "வருதாளா" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

இன்னும் கொஞ்சம் பார்த்தார். சாமி மற்றப் பாதியை அவர் முன்னால் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இவர் அந்தக் கையை மெதுவாகப் பிடித்து என் பக்கம் திருப்பிவிட்டார்.

"இதையும் அவளுக்கே குடுங்க சாமி. பாவம், ஒறங்கி நாளாச்சு."

சாமி என்ன செய்வார், என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். ஆமென் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.

அவர் வாங்கவில்லை, ஆனி. அடுத்த மாதம் வாங்குவாரா என்று தெரியாது. சாமி, "அவிய இன்னைக்கு வாங்கலன்னா சொல்லுதிய?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அது விளங்கவில்லை, உனக்கு விளங்கினால் எழுது.

அன்று மத்தியானம் சோறு வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவள்தான். அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல், கதவுகூடப் பூட்டாமல், சாயங்காலம்வரை தூங்கிவிட்டேன். எழுந்தபோது பதறிப்போய்விட்டேன். அவர் எங்கும் போகவில்லை. வாசல்படியில் நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் உமாராணி குழம்புக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாளாம். உதட்டில் விரலை வைத்து அவளைத் தெருவிலேயே நிறுத்திவிட்டாராம்.

"சத்தம் போடாதளா. பண்டாரி ஒறங்குதான்."

உன் மைனி
பிளாரன்ஸ்